பிரிட்டிஷ் ரயிலில் ஏமாறாமல் போய்வர

பிரிட்டனுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “லண்டன்ல இருந்து லீட்ஸுக்கு எவ்வளவு ஆகும்?” என்றுதான். இதற்கு ஒரே பதில் கிடையாது. பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் கொடுத்ததைப் போல மூன்று மடங்கை இன்னொருவர் கொடுத்திருப்பார். தூரத்தைவிட, எந்த வகை டிக்கெட்டை எப்போது வாங்கினீர்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

நான் லீட்ஸில் குடியிருந்து யார்க்கில் வேலை பார்க்கிறவள். கீழே சொல்வதில் பாதி, யார்க் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கடைசிக் கோடியில் ஃப்ளாஸ்கும் நோட்டுமாக நிற்கும் ரயில் பைத்தியங்களிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. வண்டி எண்களைக் குறித்துவைக்கும் இந்தப் பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தகவல் மேசைக்கே தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

முதலில் டிக்கெட். மூன்று பெயர்களை மனதில் வையுங்கள். அட்வான்ஸ் என்பது குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டும் செல்லும். மலிவு, ஆனால் அதைத் தவறவிட்டால் அடுத்த வண்டியில் ஏற முடியாது. ஆஃப்-பீக், கூட்ட நேரம் போக மற்ற நேரங்களுக்கு. எனிடைம் எப்போதும் செல்லும், விலையும் அதற்கேற்ப. அட்வான்ஸ் டிக்கெட்டுகள் பெரும்பாலும் பயணத்துக்குப் பன்னிரண்டு வாரம் முன்பிருந்து விற்பனைக்கு வரும். ஊருக்குப் போக விமானம் பதிவு செய்த கையோடு, விமான நிலையத்துக்குப் போகும் ரயிலுக்கும் காலண்டரில் ஒரு குறி போட்டுவிடுங்கள். டிக்கெட்டை ரயில் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். எந்தக் கம்பெனியின் தளத்திலும் நாடு முழுவதற்கும் டிக்கெட் கிடைக்கும், பதிவுக் கட்டணமும் இருக்காது. சில பிரபலமான செயலிகள் அதற்குத் தனியாகக் காசு பிடிக்கின்றன.

அடுத்து ரயில்கார்டு. வருடத்துக்கு 35 பவுண்டு, பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வருடத்தில் 105 பவுண்டுக்கு மேல் ரயிலில் செலவழிப்பீர்கள் என்றால் போட்ட காசு திரும்பிவிட்டது. மாணவர்களுக்கு, அறுபது தாண்டியவர்களுக்கு, குழந்தைகளோடு போகும் குடும்பங்களுக்கு, சேர்ந்தே பயணம் செய்யும் இருவருக்கு என்று வகைவகையாக உண்டு. இருவர் கார்டில் ஒருவர் மட்டும் போனால் செல்லாது. வார நாட்களில் காலை 9.30க்கு முன்னாலும் செல்லாது. அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கினால் அவர்களுக்குச் சீனியர் கார்டு எடுத்துக் கொடுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி ஸ்டேஷனிலேயே வாங்கலாம்.

இனி எனக்குப் பிடித்த விஷயம், டிக்கெட்டைப் பிரித்து வாங்குவது. லண்டன் பேடிங்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒரே டிக்கெட் வாங்குவதற்குப் பதிலாக, பேடிங்டன் முதல் வழியில் இருக்கும் டிட்காட் ஸ்டேஷன் வரை ஒன்று, டிட்காட் முதல் பிரிஸ்டல் வரை ஒன்று என்று வாங்கினால் காலை நேரத்தில் நன்றாகவே மிச்சமாகும். பிளாட்பாரக் கோடிக்காரர்கள் எல்லாருக்கும் டிட்காட் கதை தெரியும். வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம், அதே சீட்டில் உட்கார்ந்திருக்கலாம். இது முழுக்கச் சட்டப்படியானது. ஒரே நிபந்தனை, பிரிக்கும் ஸ்டேஷனில் அந்த வண்டி நிற்க வேண்டும். டிட்காட்டில் நிற்காமல் பறக்கும் வண்டியில் இந்த டிக்கெட்டோடு ஏறினால், டிக்கெட் இல்லாமல் ஏறிய மாதிரிதான். அப்புறம் அபராதம் பேச்சு வரும். இங்கிலாந்தில் அபராதக் கட்டணம் 100 பவுண்டு, அதற்கு மேல் அந்தப் பயணத்துக்கான கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும்.

பயண நாள் காலையில் நான் முதலில் திறப்பது, எந்த வண்டி எங்கே வருகிறது என்று அவ்வப்போது காட்டும் ரியல்டைம் டிரெயின்ஸ் என்ற தளத்தை. ரயில் பைத்தியங்களின் கோயில் அது. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று எண்ணும் ஓர் எழுத்தும் கொண்ட அடையாளம் ஒன்று உண்டு, 1ஏ23 மாதிரி. முதல் எண் 1 என்றால் விரைவு வண்டி, 2 என்றால் நின்று நின்று போகும் சாதாரண வண்டி, 5 என்றால் பயணிகள் இல்லாமல் ஓடும் காலி வண்டி. பயணிக்கு இதனால் என்ன? லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் வண்டி பெரும்பாலும் வடக்கிலிருந்து சற்று முன்னால் வந்து சேர்ந்த வண்டிதான். உங்கள் வண்டியாக மாறப்போவது எது என்று தேடிப் பாருங்கள். அது லண்டனுக்கு வரும் வழியில் பீட்டர்பரோவைத் தாண்டும்போதே நாற்பது நிமிடம் தாமதம் என்றால், பெரிய பலகையில் ‘சரியான நேரம்’ என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். நிதானமாக ஒரு காபி குடிக்கலாம். பிளாட்பாரம் எண்ணும் பலகையில் வருவதற்கு முன்பே அந்தத் தளத்தில் தெரியவரும். ஆனால் கடைசி நேரத்தில் மாறக்கூடும், அதனால் அருகில் போய் நின்றாலும் ஒரு கண் பலகையில் இருக்கட்டும். கதவுகள் கிளம்பும் நேரத்துக்கு முன்பே பூட்டிக்கொள்ளும்; 10.03 வண்டிக்கு 10.03க்கு ஓடிவந்து பயனில்லை.

ஏறும்போது ஒரு எச்சரிக்கை. கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே போகும் அசுமா என்ற வண்டிகளில் ஐந்து பெட்டி கொண்ட இரண்டு தொகுதிகளைச் சேர்த்து ஓட்டுவது உண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்ளே நடந்து போக முடியாது. பெட்டி எழுத்தைப் பார்த்து சரியான பாதியில் ஏறுங்கள், இல்லையென்றால் அடுத்த ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போக வேண்டியதுதான். சீட்டுக்கு மேலே பச்சை விளக்கு இருந்தால் காலி, சிவப்பு இருந்தால் பதிவானது, மஞ்சள் இருந்தால் வழியில் எங்கோ ஒருவர் ஏறப்போகிறார். வடக்கே எடின்பரோ போகிறவர்கள் வலப்பக்கம் உட்காருங்கள். டர்ஹம் தேவாலயமும் நியூகாசிலுக்கு அப்பால் கடலும் அந்தப் பக்கம்தான்.

தாமதமானால் காசு திரும்பக் கிடைக்கும். நம்மவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். போய்ச்சேரும் ஸ்டேஷனுக்கு எவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்பதே கணக்கு. கிளம்பியது எப்போது என்பது அல்ல. பல கம்பெனிகளில் 15 நிமிடத்துக்குக் கால் பங்கு, 30 நிமிடத்துக்குப் பாதி, ஒரு மணி நேரத்துக்கு அந்த ஒருவழிப் பயணத்தின் முழுக் கட்டணம். சில கம்பெனிகளில் 30 நிமிடத்திலிருந்துதான் தொடக்கம். 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மழை, பனி, தண்டவாளத்தில் விழுந்த இலை, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, காரணத்தைப் பார்ப்பதில்லை. பிரித்து வாங்கிய டிக்கெட் என்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பயணமாகக் காட்டுங்கள். என்னுடைய அப்படியொரு விண்ணப்பத்தை ஒரு கம்பெனி ‘முதல் டிக்கெட்டுக்குத் தாமதமில்லை’ என்று தள்ளிவிட்டது. இரண்டு டிக்கெட்டின் படத்தையும் வண்டி வந்துசேர்ந்த நேரத்தையும் வைத்து மறுபடி எழுதியதும் பணம் வந்தது. இரண்டாம் முறையும் மறுத்தால் பயணிகளின் புகாரை விசாரிக்கும் நடுவரான ரயில் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார், பயணிக்குச் செலவில்லை.

இலை என்றதும் சிலர் சிரிப்பார்கள். இலையுதிர் காலத்தில் விழும் இலைகளைச் சக்கரங்கள் நசுக்கி நசுக்கித் தண்டவாளத்தின் மேல் வழுவழுப்பான கறுப்புப் படலமாக ஆக்கிவிடும். பிரேக் பிடிக்காது, கிளம்பும்போது சக்கரம் வழுக்கும். அதனால் ஓட்டுநர்கள் மெதுவாகத்தான் போவார்கள். அக்டோபர், நவம்பரில் இணைப்பு வண்டிக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வங்கி விடுமுறைகளிலும் தண்டவாள வேலை நடக்கும், ரயிலுக்குப் பதில் பஸ் வரும். கிறிஸ்துமஸ் அன்று ரயிலே கிடையாது. மறுநாளும் மிகச் சொற்பம்.

பிளாட்பாரக் கோடிக்குப் போய் நீங்களும் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், ஸ்டேஷன் ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். ஃப்ளாஷ் கூடாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுப் போகாதீர்கள். தண்டவாளத் தொழிலாளி என்று ஓட்டுநர் குழம்பிவிடுவார்.

கடைசி வண்டி ரத்தாகி நடுவழியில் மாட்டிக்கொண்டால், பதறிப்போய் சொந்தக் காசில் டாக்சி பிடிக்காதீர்கள். முடிந்தவரை உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதோ இரவு தங்க இடம் பார்த்துத் தருவதோ ரயில் கம்பெனியின் பொறுப்பு. ஊழியர் யாரும் கண்ணில் படவில்லையென்றால் பிளாட்பாரத்தில் இருக்கும் உதவிப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பேசுங்கள். யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்பதையும் போனில் குறித்துவையுங்கள்.