மண்டபத்து வெயிலில் வைனும் சீஸும்: முதல் தட்டு வைப்பது எப்படி

வைனோடு சீஸ் சேர்த்துச் சாப்பிடுவது பற்றிக் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டவை. ‘ரெட் வைனை அறை வெப்பத்தில் கொடுங்கள், சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்’ என்பார்கள். அவர்கள் சொல்லும் அறை வெப்பம் 18 டிகிரி. சித்திரையில், ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் பக்கத்து நம் வீட்டுக் கூடம் ராத்திரியிலும் 30-ஐ விட்டு இறங்குவதில்லை. அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் சீஸ் எண்ணெய் விட்டுத் தட்டில் பரவும், வைன் வாசம் சாராய நெடியாக மூக்கில் ஏறும். பலர் ‘இது நமக்கு ஒத்து வராது’ என்று விட்டுவிடுவது இதனால்தான். நம் கடற்கரையிலும் இந்தச் சுவை முழுதாகக் கிடைக்கும். அதற்கு வெப்பத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

வாங்குவது

சீஸுக்குக் கொடைக்கானல், ஆரோவில் இரண்டும் போதும். தொழிற்சாலைக் கட்டியை விட, சிறு பண்ணைகளில் கையால் செய்து பழுக்க வைத்த சீஸில் பாலின் மணம் தனித்துத் தெரியும். முதல் தடவைக்கு மூன்று வகை எடுங்கள்: மென்மையான ஃபெட்டா அல்லது ஆட்டுப்பால் சீஸ், கெட்டியான பழுத்த கௌடா அல்லது செடார், சாப்பிடக்கூடிய பூஞ்சையை உள்ளே வளரவிட்டுச் செய்யும் ஒரு நீலப் பூஞ்சை சீஸ். தலைக்கு, வகைக்கு 30 கிராம் தாராளம்.

வைன், பெரிய ஊர்களில் உள்ள எலைட் டாஸ்மாக் கடைகளில் கிடைக்கும். நாசிக் திராட்சையில் செய்ததே நன்றாக இருக்கிறது. பாண்டிச்சேரியிலிருந்து எடுத்து வரும் எண்ணம் வேண்டாம், சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஊருக்குக் கொண்டுவருவதற்கு மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியே சிறந்தது. புதுப் பெட்டியாக வாங்குங்கள், மீன் வைத்த பெட்டி எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. சீஸை பட்டர் பேப்பரில் சுற்றி, மூடி இறுக்கமான டிபன் டப்பாவில் போட்டு, அதைச் சுற்றி உடைத்த ஐஸ் நிரப்புங்கள். ஐஸ் நேராகச் சீஸில் படக்கூடாது.

குளிர வைப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். வைட் வைன் 8 முதல் 10 டிகிரி, ரெட் வைன் 16 டிகிரி அளவில் இருந்தால் சரி. வைட் பாட்டிலை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ரெட் பாட்டிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஃபிரிட்ஜ் போதும். ‘ரெட் வைனை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது’ என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு வெப்பம் எவ்வளவு என்று கேளுங்கள். சூடான ரெட் வைனில் ஆல்கஹால் ஆவிதான் முதலில் வரும், பழ வாசம் அதன் அடியில் அமுங்கிவிடும்.

திடீரென்று கரண்ட் போனால்? ஒரு வாளியில் பாதிக்கு ஐஸ், மூழ்கும் அளவு தண்ணீர், அதில் இரண்டு கைப்பிடி கல்லுப்பு. வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்குக் குறைவில்லை. உப்பு சேர்ந்த ஐஸ் தண்ணீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும் என்பதால், கழுத்து வரை அமிழ்த்திய பாட்டில் 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நிறுத்தினால் இடைவெளியெல்லாம் காற்றுதான், அது மெதுவாகத்தான் குளிரும். தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

சீஸுக்குக் கணக்கு வேறு. கெட்டிச் சீஸ் 15 நிமிடம், மென்மையானது 10 நிமிடம் வெளியே இருந்தால் போதும். விரலால் அழுத்தினால் லேசாக இடம் கொடுக்க வேண்டும். மேலே முத்து முத்தாக எண்ணெய் பூத்திருந்தால் நேரம் தாண்டிவிட்டது. ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் ஓரம் காய்ந்து விரைத்துவிடும், ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள்.

வெட்ட ஆடம்பரக் கத்தி எதுவும் தேவையில்லை. மென்மையான சீஸுக்குத் தையல் நூல்தான் என் கருவி. இரு முனையையும் இழுத்துப் பிடித்து அழுத்தினால் ஒட்டாமல், நொறுங்காமல் துண்டாகும். பாட்டிலுக்குக் கார்க் இருந்தால் மடக்கும் திருகாணித் திறப்பான் வாங்குங்கள், இரண்டு கை தூக்கும் பெரிய கருவியை விட அது வசதி.

சுவைப்பது

முதலில் சீஸ், அப்புறம் வைன். சீஸை மென்று நாக்கெல்லாம் பரவவிட்டு, விழுங்கும் முன் ஒரு மிடறு வைன். கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போது வைனின் புளிப்பு அதைக் கழுவிவிடும், அடுத்த வாய் மறுபடி புதிதாக இருக்கும்.

மென்மையானதில் தொடங்கிக் சுவை அழுத்தமானதில் முடியுங்கள். ஆட்டுப்பால் சீஸுக்கு சோவினியோன் பிளாங்க் என்ற வைட் வைன். பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் சான்சேர் வைனையும் பக்கத்துச் சாவினியோல் கிராமத்து ஆட்டுச் சீஸையும் சேர்த்தே சாப்பிடுவார்கள். இரண்டும் புளிப்பு, ஒன்றை ஒன்று அமுக்காது. பழுத்த கௌடாவுக்கு ஷிராஸ் அல்லது கேபர்னே என்ற ரெட் வைன். ரெட் வைனில் வாயைத் துவர்க்கச் செய்யும் டானின் சீஸின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, உப்பும் கசப்பைத் தணிக்கிறது. தனியாகக் குடித்தால் முரட்டுத்தனமாகத் தெரியும் வைன் அப்போது வழுக்கிக்கொண்டு இறங்கும்.

நீலப் பூஞ்சைச் சீஸின் உப்புக்கு இனிப்புதான் ஜோடி. ரோக்ஃபோர் என்ற பிரெஞ்சு நீலச் சீஸுக்கு சோத்தேர்ன், ஸ்டில்டன் என்ற இங்கிலாந்து நீலச் சீஸுக்கு போர்ட் என்று இனிப்பு வைன்களைச் சேர்ப்பது பழைய மரபு. நம்மிடம் தாமதமாக அறுவடை செய்த திராட்சையில் வரும் செனின் பிளாங்க் என்ற இனிப்பு வைட் வைன் உண்டு. அது கிடைக்காவிட்டால், நீலச் சீஸ் துண்டின் மேல் நம் ஊர்ப் பனங்கருப்பட்டியை மிளகு அளவுக்கு உடைத்து வையுங்கள். முதலில் உப்பு சுரீரென்று ஏறும், கருப்பட்டி கரையக் கரைய அதன் புகை வாசம் பின்னால் வரும். என்னைக் கேட்டால் இந்தக் கடற்கரை சீஸ் தட்டுக்குத் தரக்கூடிய ஆகச் சிறந்த பொருள் அதுதான்.

முண்டு மிளகாயை மட்டும் அன்றைக்குத் தள்ளி வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டுவின் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் காரம் வாயில் இருக்கும்போது ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், டானின் இன்னும் கரடாகும். மிளகாய் வறுவல், மீன் வறுவல் எல்லாம் பிறகு. கருவாடு காயும் பக்கம் உட்கார வேண்டாம், சுவையில் பாதிக்கு மேல் மூக்கு செய்யும் வேலை.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணே, மது தொடாத வீட்டில் இந்தத் தட்டு வைக்க முடியாதா?” தாராளமாக முடியும். பருவத்தில் காலைப் பதநீர் நீலச் சீஸுக்கு அருமையான ஜோடி, இனிப்பும் மெல்லிய சுண்ணாம்பு வாசமும் அந்த உப்பைத் தாங்கும். வெயில் ஏறுமுன் குடித்துவிடுங்கள், நேரம் போனால் புளித்துவிடும். ஆட்டுச் சீஸுக்குக் கம்பம் பன்னீர் திராட்சைச் சாறு, சர்க்கரை சேர்க்காமல், குளிர வைத்து.

ரென்னட் பற்றி இன்னொருவர் கேட்டார். பாலைத் திரிய வைக்கச் சில ஐரோப்பியச் சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி சேர்ப்பார்கள், பார்மெசானின் அசலான பார்மிஜானோ ரெஜ்ஜானோ அப்படித்தான். சைவம் சாப்பிடுபவர்கள் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மிச்சம் இருக்கும் சீஸை பிளாஸ்டிக் தாளில் சுற்றாதீர்கள், வியர்த்துப் பிசுபிசுத்துவிடும். புது பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் அறையில் வையுங்கள். நீலச் சீஸுக்குத் தனி டப்பா. அதன் பூஞ்சை பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் பரவும்.