ட்ரஸ்டின் வைப்புப் பணம்: வட்டி யாருடைய வரிக் கணக்கில் போகவேண்டும்?

யாழ்ப்பாணத்தில் ட்ரஸ்ட் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள ஊரவர்கள் காசு சேர்த்து அனுப்புவார்கள். ஊரில் மூன்று நான்கு பேர் பொறுப்பாளர்களாவார்கள், நொத்தாரிசு உறுதி முடிப்பார், பணம் வங்கியில் நிலையான வைப்பாகக் கிடக்கும். வட்டியில் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் போகும். வரி விவரத்திரட்டு நிரப்பும் காலம் வந்ததும்தான் இந்த வட்டி யாருடையது என்ற கேள்வியே எழும்.

அதிகம் நடக்கும் தவறு, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சொந்த விவரத்திரட்டில் வட்டியைச் சேர்த்துவிடுவது. பொறுப்பாளர் ஓய்வுபெற்ற அதிபர் என்று வையுங்கள். வங்கி அவருடைய அடையாள அட்டை இலக்கத்தில் கணக்கைத் திறந்திருக்கும். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டவில்லை என்று அவர் வங்கிக்குப் பிரகடனமும் கொடுத்திருப்பார், வங்கியும் வரி பிடிக்காது. ஆனால் 18 இலட்சம் வரை வரியில்லை என்ற அந்த நிவாரணம் தனிமனிதரின் சொந்த வருமானத்துக்கு உரியது. பொறுப்பாளராக நின்று பெறும் வருமானத்துக்கு அதைக் கோர முடியாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி ட்ரஸ்ட் தனி வரியாளர். 2022 ஒக்டோபர் தொடக்கம் அதன் வரிவீதம் 30%.

கணக்குப் போட்டால் விளங்கும். 50 இலட்சம் வைப்புக்கு 8% வட்டி என்றால் ஆண்டுக்கு 4 இலட்சம். 2025 ஏப்ரல் தொடக்கம் வங்கி 10%, அதாவது 40,000 ரூபா, முற்பணமாகப் பிடிக்கும். ட்ரஸ்டின் வரி 1,20,000. மிச்சம் 80,000 ரூபாவை ட்ரஸ்டே கட்டவேண்டும். ‘வங்கி பிடித்துவிட்டது, வேலை முடிந்தது’ என்று இருந்துவிடுபவர்கள் இந்த 80,000 ரூபாவை மறந்துவிடுகிறார்கள். கம்பனிப் பங்குகளில் முதலீடு இருந்தால் நிலைமை வேறு. பங்கிலாபத்தில் பிடிக்கும் 15% இறுதியானது, அதற்குமேல் கட்டத் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் போடாதீர்கள்.

ஆகவே படிவத்தைத் தொடமுன் உறுதியை எடுத்து வாசியுங்கள். பணம் யாருடைய நன்மைக்கு, செலவழிக்கும் அதிகாரம் யாருக்கு என்று அதில்தான் இருக்கும். பெயர்ப்பலகையில் ‘அறக்கட்டளை’ என்றிருந்தும், பதிவுப் பத்திரத்தில் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக (பங்குக்குப் பதில் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்கும் கம்பனி) இருப்பவை பல. அவற்றுக்குக் கம்பனிக்குரிய விவரத்திரட்டுத்தான். உறுதி உண்மையிலேயே ட்ரஸ்டைத்தான் உருவாக்குகிறது என்றால், அதன் பெயரில் வரி இலக்கம் எடுத்து, உறுதியின் பிரதியோடு வங்கிக்குப் போய்க் கணக்கு விபரத்தை மாற்றுங்கள். வரிபிடித்த சான்றிதழும் அதே பெயரில் வரவேண்டும். கௌரவப் பொறுப்பை ஏற்றவரின் தலையில் வரிச் சிக்கலைக் கட்டிவிடுவது நியாயமில்லை.

ஒரே ஆட்களே இரண்டு ட்ரஸ்டுகளுக்குப் பொறுப்பாளர்களாக இருப்பதும் நம்மூரில் வழக்கம். பொறுப்பாளர்கள் ஒன்றானாலும் கணக்குகள் வேறுவேறு, ஒரே விவரத்திரட்டில் போட முடியாது.

தர்ம காரியம் என்பதால் வரியே இல்லை என்று நினைப்பதும் பிழை. சட்டம் ஏற்கும் தர்ம நிறுவனத்துக்கு 14% என்ற குறைந்த வீதம் உண்டு. வீதம் குறைவு என்பதற்காக விவரத்திரட்டு இல்லாமற்போகாது.

மறுபக்கமாக, பலருடைய காசைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியமான யுனிட் ட்ரஸ்டில் சொந்தக் காசு போட்டவர் ட்ரஸ்டுக்குரிய விவரத்திரட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது அவருடைய தனிப்பட்ட முதலீடு.

பொறுப்பாளர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வசித்தாலே ட்ரஸ்ட் இலங்கையில் வதிவதாகக் கருதப்படும். ரொறொன்ரோவில் இன்னொரு கணக்கு இருந்தால், கனடிய விதிப்படி அங்கும் ட்ரஸ்டுக்குரிய டி3 (T3) விவரத்திரட்டு தேவைப்படலாம். அதன் கெடு ட்ரஸ்டின் ஆண்டு முடிந்து 90 நாள். இங்கே ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மீதி வரியைச் செப்ரெம்பர் 30க்குள் கட்டி, விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்கவேண்டும். வங்கியிடம் வட்டி விபரம் கேட்கும்போது டிசம்பர்க் கணக்கை வாங்காமல், மார்ச் 31 வரையான கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.