உயரம் குறைந்தவர்கள் பைக்கைத் தாழ்த்தும்போது செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்து டீக்கடை முன்னால் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் நின்றிருந்தது. பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கி, சைடு ஸ்டாண்டில் சாயாமல் விறைப்பாக நின்ற அந்த நிலையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓட்டி வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என்னைப் போலவே ஐந்தடி இரண்டு அங்குலம். "லிங்க் பிளேட் மாத்திட்டேன்க்கா, இப்போ ரெண்டு காலும் நல்லா எட்டுது" என்றாள். வண்டியைத் தாழ்த்தப் பின்பக்கம் மாற்றும் பட்டைதான் லிங்க் பிளேட். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நட்டை இறுக்கு, நல்ல மெக்கானிக்கிடம் போ என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளந்து பார்க்காமல் ஆரம்பிப்பது

ஹிமாலயன் 411-இன் சீட் உயரம் 800 மி.மீ. என்றால், அது யாரும் உட்காராத வண்டியின் உயரம். நாம் ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கும். பின் சஸ்பென்ஷனின் மொத்த அசைவு 180 மி.மீ.; அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 மி.மீ. வரை, நம் எடையில் இறங்கினால் சரி. உயரம் குறைந்தவர்கள் பெரும்பாலும் எடையும் குறைவுதான். ஐம்பது கிலோ ஆள் உட்கார்ந்தால் வண்டி அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் இறுக்கத்தை, அதாவது ப்ரீலோடை, இரண்டு சுற்று தளர்த்தினாலே கால் தரைக்கு நெருங்கிவிடும், செலவும் இல்லை.

ஒருவரை வண்டியைப் பிடிக்கச் சொல்லி, பின் அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை டேப்பால் அளவெடுங்கள். சக்கரம் தொங்கும்போது ஒரு அளவு, நீங்கள் உட்கார்ந்தபின் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 60-ஐத் தாண்டும் அளவுக்குத் தளர்த்த வேண்டாம். பள்ளத்தில் அடி வாங்கும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது

கூடாது.

சீட்டை மேலே மட்டும் சீவுவது

நுரையை மேலிருந்து இரண்டு விரல் அளவு எடுத்தால் ஒரு மணி நேரப் பயணத்தில் இடுப்பு போய்விடும். கால் எட்டாமல் போவதற்கு உயரம் பாதிக் காரணம் என்றால் அகலம் மீதிப் பாதி. தொடை விரிந்தால் கால் நேராக இறங்காது. டேங்கை ஒட்டிய முன்பகுதியில் இரு ஓரங்களையும் சரித்து வெட்டச் சொல்லுங்கள். நடுவில் நுரை அப்படியே இருக்கட்டும்.

டயர் மேலே எதில் இடிக்கும் என்று பார்க்காமல் லிங்க் பிளேட் மாற்றுவது

இதை மட்டும் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

லிங்க் பிளேட் என்பது ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) சாக் அப்சார்பரின் ராக்கரையும் (சாக்கை அமுக்கும் நெம்புகோல்) இணைக்கும் இரண்டு பட்டைகள். ஹிமாலயனில் பட்டை நீளமானால் வண்டி இறங்கும். பட்டையின் நீளத்தில் வரும் சின்ன மாற்றம் சக்கரத்தில் இரண்டு, மூன்று மடங்காகத் தெரியும். அதனால்தான் எல்லோருக்கும் இது பிடிக்கிறது. இரண்டு பட்டை, சில போல்ட், அரை நாள் வேலை.

ஆனால் சாக் அப்சார்பர் மாறவில்லை. அது முன்பு எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவும் இப்போதும் அமுங்கும். சக்கரம் மட்டும் ஏற்கெனவே மேலே ஏறி நிற்கிறது. முழுதாக அமுங்கும்போது கம்பெனி விட்ட இடைவெளியைத் தின்றுவிட்டு இன்னும் மேலே போகும். அங்கே இருப்பது உள் மட்கார்டு, அதற்கு மேல் டெயில் லைட்டுக்குப் போகும் ஒயர்கள்.

நான் சேலத்தில் ஒரு பட்டறையில் பட்டை அடித்துப் போட்டுக்கொண்டேன். அறுநூறு ரூபாய். "எல்லாருக்கும் இதைத்தாம்மா போடுறேன்" என்றார் பட்டறைக்காரர். இரண்டு வாரம் ஊருக்குள் தனியாக ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. தனியாளாக ஓட்டினால் சாக் முழுதாக அமுங்குவதே அபூர்வம்.

அப்புறம் தங்கையைப் பின்னால் ஏற்றி, இரண்டு பைகளும் கட்டி, கொல்லிமலைக்குக் கிளம்பினேன். சேந்தமங்கலம் தாண்டி ஒரு வேகத்தடையில் 'கரக்' என்று ஒரு சத்தம். பை நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு பள்ளத்திலும் அதே சத்தம் கேட்டது. காரவள்ளியில் நிறுத்தியபோது ரப்பர் கருகிய வாடை. அப்போதாவது சீட்டைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை அது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாக வேண்டும். பாதி ஏறியிருப்போம், ஹாரன் வேலை செய்யவில்லை. பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் இல்லை. பொழுது சாய்ந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை போன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டிக்கொண்டே வந்தாள்; ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டே ஏறினோம். மேலிருந்து ஒரு பஸ் திரும்பியபோது மதில் ஓரம் ஒதுங்கி நின்றோமே, அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் பிரித்தால், உள் மட்கார்டு தேய்ந்து உள்ளங்கை அளவு ஓட்டை. ஒயரைச் சுற்றிய டேப் போய், செம்பு பளபளத்தது. இரண்டு ஒயர் அறுந்து ஃபியூஸ் போயிருந்தது. டயரின் நடுக்கட்டைகளில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. பட்டைகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓட்டைக்கு ஓட்டை தூரமே சமமாக இல்லை! அந்தக் கோணலில் ராக்கரின் பேரிங்கும் வீணாகிவிட்டது. ஒயரிங், மட்கார்டு, டயர், பேரிங் எல்லாம் சேர்த்து பதினாலாயிரம் ரூபாய் ஆனது. கால் கூடுதலாக எட்டியது மூன்று செ.மீ.

லிங்க் பிளேட் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. 25 மி.மீ.க்கு மேல் இதை நம்பி இறக்காதீர்கள். போட்டதும் மட்கார்டின் உள்பக்கம், டயருக்கு நேர் மேலே, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை இரண்டு செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய வேகத்தடையை மெதுவாக ஏறி இறங்குங்கள். களிமண்ணில் டயரின் தடம் விழுந்திருந்தால் அந்தப் பிளேட் உங்கள் வண்டிக்கு ஆகாது. தடம் விழாவிட்டாலும் சாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டேக் கட்டி, அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கடைசி வரை போகவில்லை என்றால் சோதனை இன்னும் முடியவில்லை.

முன்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது

பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் சாய்ந்து, ஹேண்டில் மந்தமாகி, வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஓடும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கிளாம்புகளைத் தளர்த்தி, ஃபோர்க் குழாய்களை மேலே ஏற்றி, பின்னால் இறங்கிய அளவுக்கு ஏறக்குறைய முன்னாலும் இறக்க வேண்டும். இரண்டு குழாயும் மி.மீ. பிசகாமல் ஒரே அளவு. பிறகு ஃபோர்க் முழுதாக அமுங்கினால் முன் டயரோ மட்கார்டோ எதிலாவது படுமா என்று பாருங்கள்.

சைடு ஸ்டாண்டை மறப்பது

தாழ்ந்த வண்டிக்குப் பழைய ஸ்டாண்ட் நீளம். வண்டி நேராக நிற்கும், சின்னச் சரிவு போதும், வலப்பக்கம் விழும். வெட்டும்போது ஸ்டாண்டை வண்டியிலிருந்து கழற்றித்தான் வெல்டிங் வைக்க வேண்டும். டேங்கை நிரப்பி, சமதரையில் நிறுத்தி அளவெடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், குறைத்ததைக் கூட்டுவது சிரமம்.

செயினைப் பார்க்காமல் விடுவது

ஸ்விங் ஆர்மின் கோணம் மாறியதும் செயின் தொய்வும் மாறும். புதிதாக அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

லிங்க் இல்லாத வண்டிக்கு லிங்க் தேடுவது

கேடிஎம் 390 அட்வென்ச்சரில் சாக் நேராக ஸ்விங் ஆர்மில் இருக்கிறது. மாற்றுவதற்குப் பிளேட்டே கிடையாது.

இரண்டு பாதமும் முழுசாகப் பதிய வேண்டும் என்று நினைப்பது

சிக்னலில் இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, இடது காலை மட்டும் ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைக்கப் பழகுங்கள். மேட்டில் நிற்கும்போது இரண்டு காலும் தரையில் இருந்தால் பின் பிரேக்கை யார் பிடிப்பது? காலி மைதானத்தில் ஒரு வாரம் பழகினால் வந்துவிடும்.

கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடுவது

டீக்கடையில் அந்தப் பெண்ணின் வண்டிக்கு அடியில் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துக் காட்டினேன். பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே ஒரு பளபளப்பான கோடு இருந்தது. பழைய பிளேட் எங்கே என்று கேட்டேன். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தாள், கிரீஸ்கூடக் காயவில்லை. வருகிற ஞாயிறு என் வீட்டு வாசலில் வைத்து அதை மாட்டப்போகிறோம். முதலில் ப்ரீலோட், அப்புறம் சீட் ஓரம். அவள் வரும்போது களிமண்ணும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.