ஆறு வோல்ட் காரில் வெளிச்சம் கூட்டப் போய் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டு 1951 செவர்லேயில் ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதென்று, 45 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு 60 வாட் போட்டேன். அன்று ராத்திரி நல்ல மழை. தக்கலையில் புறப்பட்டு சுவாமியார்மடம் போய்ச் சேர்வதற்குள், முன்பு தெரிந்த அளவுகூட ரோடு தெரியவில்லை. ஆறு வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் முதலில் கைவைப்பது பல்பில்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு 45 வாட் பல்புகள் சேர்ந்தால் 90 வாட். 12 வோல்ட் வண்டியில் அதற்கு 7.5 ஆம்பியர் போதும். நம் வண்டியில் 15 ஆம்பியர் ஓட வேண்டும். துருப்பிடித்த எர்த்தும் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) தளர்ந்த கனெக்‌ஷனுமாக வழியில் 0.04 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அங்கே தொலைவது 0.3 வோல்ட், அதாவது 2.5 சதவீதம். ஆறு வோல்ட்டில் 0.6 வோல்ட், 10 சதவீதம். ஒரே துரு, நமக்கு நாலு மடங்கு நஷ்டம். இழை பல்புக்கு வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பெரிய பல்பு போட்டால் ஆம்பியர் கூடும், வழியில் இழப்பதும் கூடும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். எனக்கு நடந்தது அதுதான்.

அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் ஆகாத பேட்டரி முனையிலும் மற்றதைப் பல்பு ஹோல்டரில் கரண்ட் வரும் இடத்திலும் வையுங்கள். வயரிலும் சுவிட்சிலும் தொலைவது எவ்வளவு என்று தெரியும். பிறகு பல்பின் உடம்புக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே வையுங்கள். எங்கள் வண்டியில் இந்த இரண்டாவது அளவில் மட்டும் 0.5 வோல்ட் காட்டியது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எர்த்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்கும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. பழைய கார்களில் ஹெட்லைட்டின் எர்த் மட்கார்டு வழியாகத்தான் பாடிக்குப் போகும். மட்கார்டின் போல்ட்டுகள் உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். பெயிண்ட் அடித்தவர் போல்ட் உட்காரும் இடத்திலும் சேர்த்து அடித்திருப்பார். பளபளப்பாகப் புதுப்பித்த வண்டிகளில் லைட் மங்குவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு ஹெட்லைட்டிலிருந்தும் சேசிஸுக்குத் தனி வயர் இழுத்து, இரும்பு தெரியச் சுரண்டிய இடத்தில் லக் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். எங்களுக்கு அரை நாள் வேலைதான் ஆனது.

வயர் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். கடையில் கிடைக்கிறதென்று 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை 4 மீட்டர் இழுத்தால், 15 ஆம்பியரில் அதிலேயே சுமார் 0.7 வோல்ட் போகும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.2-ஐக்கூட எட்டாது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் பேட்டரி கேபிளும் அப்படித்தான். இன்றைய காருக்கு விற்கும் மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு, செல்ஃப் தூக்கவில்லை என்று மோட்டாரைக் கழற்றியவர்கள் உண்டு. 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். சுவிட்சின் சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலேயை ஹெட்லைட்டுக்கு வைப்பது நல்லது, பழைய சுவிட்சும் பிழைக்கும். ஆனால் ஆறு வோல்ட் ரிலேயாகக் கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் ரிலே ஆறில் இழுக்காது.

இனி சார்ஜிங். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நிற்கிறீர்கள், லைட்டும் வைப்பரும் ஓடுகின்றன, ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்கிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். ஐடிலிங்கில் டைனமோ சார்ஜ் கொடுக்காது, அதன் அமைப்பே அப்படி. இதைச் சொன்னால் மெக்கானிக்குகள், டைனமோவின் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் காட்டி, "ரெகுலேட்டர கொஞ்சம் கூட்டி வச்சிரலாம் அண்ணாச்சி" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். கூட்டி வைத்தாலும் ஐடிலிங்கில் பயனில்லை. பகலில் லைட் இல்லாமல் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ஓட்டினால் பேட்டரிதான் கொதிக்கும். வண்டி சூடான பிறகு, வேகம் கொடுத்துப் பிடித்து, பேட்டரி முனையில் 7.2 வோல்ட் அளவில் நின்றால் போதும். சுமையைக் குறைக்க நினைத்தால் பின்லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஆறு வோல்ட் எல்இடி போடலாம். ஹெட்லைட்டுக்கு மட்டும் வேண்டாம். பழைய ரிஃப்ளெக்டரில் எல்இடி வெளிச்சம் சிதறி, எதிரே பைக்கில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

டைனமோவின் காமுட்டேட்டரை (கரண்டை வெளியே எடுக்கும் பிரஷ்கள் உரசும் செம்பு உருளை) எமரித் தாளால் தேய்ப்பது இன்னொரு பழக்கம். அதன் துகள் கரண்டைக் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு நடுவே போய் ஒட்டிக்கொள்ளும். நைஸான சாண்ட் பேப்பர் போதும்.

பேட்டரி இணைக்கும்போது கறுப்பு வயர்தான் எர்த் என்று முடிவு கட்டாதீர்கள். 1955 வரை வந்த அமெரிக்க ஃபோர்டுகளில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். அதே காலத்து செவர்லேயில் நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் டைனமோவின் துருவம் புரண்டு, கட்-அவுட்டின் (சார்ஜ் இல்லாதபோது டைனமோவைப் பேட்டரியிலிருந்து துண்டிக்கும் சுவிட்ச்) முனைகள் கருகும். டைனமோவைப் பிரித்துப் பூட்டிய பிறகு துருவம் ஏற்றும் (பேட்டரி கரண்டைச் சற்றே கொடுத்து பிளஸ், மைனஸைச் சரியாக்கும்) முறையும் இரண்டுக்கும் வேறு வேறு. எது உங்களுடையது என்று தெரியாமல் வயரைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

எட்டு வோல்ட் பேட்டரி போட்டால் எல்லாம் சரியாகும் என்றொரு யோசனையும் வரும். ஆறுக்கு வைத்த ரெகுலேட்டர் அதை நிரப்பாது. ரெகுலேட்டரை ஏற்றினால் பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். பழைய புல்லட் பைக்கின் ஆறு வோல்ட் பேட்டரியைக் கொண்டுவந்து காரைக் கிளப்பவும் முடியாது. சரியான பேட்டரி கிடைத்ததும், சார்ஜுக்குக் கொடுக்கும் கடையில் "இது மூணு செல், ஆறு வோல்ட்" என்று சொல்லி, மேலேயும் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். வரிசையாகக் கிடக்கும் 12 வோல்ட் பேட்டரிகளோடு ஒன்றாக நினைத்து மாட்டிவிட்டால், நீங்கள் திரும்பிப் போவதற்குள் அது கொதித்து வற்றியிருக்கும்.