லேபிளில் இருப்பது ஊர்ப் பெயர்: இத்தாலிய ஒயினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலிய ஒயின் வாங்கப் போகிறவர்கள் முதலில் தடுமாறுவது லேபிளில்தான். ஆஸ்திரேலிய பாட்டிலில் ஷிராஸ் என்றும் கலிபோர்னிய பாட்டிலில் கேபர்னே சாவினியோன் என்றும் திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பரோலோ, கியாந்தி, சோவாவே என்று படித்தால் அவையும் திராட்சை வகைகள் என்றே தோன்றும். மூன்றும் இடங்களின் பெயர்கள். பரோலோ பியட்மாண்டில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒயினாவது நெபியோலோ திராட்சை. கியாந்தி டஸ்கனியின் குன்றுப் பகுதி. அதன் திராட்சை சான்ஜொவேசே. சோவாவே வெரோனாவுக்குக் கிழக்கே இருக்கிறது. கார்கனேகா என்ற வெள்ளைத் திராட்சைக்குப் பேர் போன ஊர். ஒயினின் குணம் மண்ணிலிருந்தும் மலைச்சரிவிலிருந்தும் வருகிறது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதனால்தான் ஊரை முன்னால் எழுதுகிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியில் பெரிய பங்கு மோன்டேபுல்சியானோ என்ற பெயருக்கு. அது டஸ்கனியில் ஓர் ஊர். ஒரு திராட்சை வகைக்கும் அதே பெயர். வீனோ நோபிலே தி மோன்டேபுல்சியானோ என்றால் அந்த ஊரின் ஒயின், சான்ஜொவேசேயை முதன்மையாக வைத்துச் செய்தது. மோன்டேபுல்சியானோ த அப்ரூட்சோ என்றால் அப்ரூட்சோ மாநிலத்தில் அந்தப் பெயருள்ள திராட்சையிலிருந்து செய்தது. இரண்டுக்கும் சுவையிலும் சம்பந்தமில்லை, விலையிலும் இல்லை. ஒரு எளிய வழி உண்டு. இப்படிப்பட்ட பெயர்களில் நடுவே வரும் ‘தி’, ‘த’ என்ற ஒட்டுக்குப் பின்னால் இருப்பது இடம். பார்பேரா த ஆல்பா, புருனெல்லோ தி மோன்டால்சினோ எல்லாம் அப்படியே படிக்கலாம்.

அடுத்த தவறு, ‘கிளாசிகோ’ என்ற சொல்லைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்வது. அதுவும் இடத்தைத்தான் சொல்கிறது: ஒயின் முதலில் புகழ்பெற்ற பழைய எல்லை. 1716-இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தே மெடிசி, கியாந்தி ஒயின் எங்கே விளையலாம் என்று எல்லை வகுத்து ஆணையிட்டார். பிறகு பெயருக்கு மவுசு கூடியது. 1932-இல் சுற்றியிருந்த பெரும் நிலப்பரப்பும் கியாந்தி என்ற பெயருக்குள் சேர்க்கப்பட்டது. அதனால் இன்று கியாந்தியும் கியாந்தி கிளாசிகோவும் தனித்தனி ஒயின்கள், தனித்தனி விதிகள். பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருந்தால் அது கிளாசிகோ. வைக்கோல் கூடை சுற்றிய குண்டு பாட்டிலைப் பார்த்து ‘இதுதான் அசல்’ என்று வாங்க வேண்டாம். மெல்லிய கண்ணாடி உடையாமலிருக்க அந்தக் காலத்தில் சுற்றியது அது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இதோடு சேர்ந்தது, கழுத்தில் ஒட்டியிருக்கும் டிஓசிஜி பட்டையை மதிப்பெண் அட்டையாகப் பார்ப்பது. 1963-இல் இத்தாலி டிஓசி என்ற பிறப்பிடப் பெயர்க் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்த எல்லை, எந்தத் திராட்சை, எத்தனை மாதம் முதிர வேண்டும் என்பதற்கெல்லாம் விதி. அதற்கும் மேலே ஒரு படி டிஓசிஜி. 1980-இல் பரோலோவும் புருனெல்லோவும் அந்தப் படிக்கு முதலில் போனவற்றில் சேர்ந்தவை. விதி காப்பாற்றப்பட்டது என்பதற்கு அது உத்தரவாதம். நாக்குக்குப் பிடிக்கும் என்பதற்கு அல்ல. ஒரு காலத்தில் கியாந்தியில் வெள்ளைத் திராட்சை கலந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. அதை ஏற்காத சிலர் தங்கள் மனசுக்குச் சரி என்று பட்டபடி ஒயின் செய்து, ‘சாதாரண மேசை ஒயின்’ என்ற மிகக் கீழான பெயரிலேயே விற்றார்கள். 1971 அறுவடையின் தின்யானெல்லோ அப்படி வந்தது. டஸ்கனிக் கடற்கரையில் கேபர்னே திராட்சையை வைத்துச் செய்த சசிகாயாவும் அந்தப் பெயரில்தான் உலகப் புகழ் அடைந்தது. 1992-இல், வட்டாரத்தைச் சொல்லி விதிகளைத் தளர்த்திய ஐஜிடி என்ற வகை உருவாக இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். எனவே ஐஜிடி என்று கண்டால் மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, பாட்டிலைத் திறந்தாயிற்று. பரோலோவைக் கோப்பையில் ஊற்றினால் பலருக்கு ஏமாற்றம் வரும்: நிறம் இவ்வளவு வெளிறியிருக்கிறதே! நெபியோலோவின் இயல்பு அது. நிறத்தை வைத்து வலிமையை அளக்கக் கூடாது. ஒரு வாய் குடித்ததும் ஈறு வரை துவர்ப்பு பிடிக்கும். ஒயின் பேசுகிறவர்கள் இதற்குக் காரணமான டானின் என்ற வேதிப்பெயரைச் சொல்லும்போது, அறுசுவையில் ஒன்றாகவே நம்மிடம் ‘துவர்ப்பு’ இருக்கிறது. அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் பரோலோவை 38 மாதங்கள் முதிரவைத்த பிறகே விற்க வேண்டும் என்று விதி. இத்தாலியில் ஒயின் சாப்பாட்டோடு வளர்ந்தது. சான்ஜொவேசேயின் புளிப்பு தக்காளிக் குழம்போடு பொருந்தும். நெபியோலோவின் துவர்ப்பு கொழுப்புள்ள இறைச்சியோடு இளகும். வெறும் வயிற்றில் தனியாகக் குடித்துவிட்டு ‘கடுமையாக இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்வது அந்த ஒயினுக்குச் செய்யும் அநியாயம்.

அமரோனே பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உலர்ந்த திராட்சையில் செய்வது என்று கேட்டதும், சர்க்கரை போட்ட தித்திப்பு ஒயின் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இத்தாலியில் இப்படிப்பட்ட நுரையில்லாத ஒயினுக்குச் சர்க்கரை சேர்ப்பதே சட்டப்படி தடை. வெரோனாவுக்கு வடக்கே வால்பொலிச்செல்லாவில், கொர்வீனா முதலான திராட்சைகளில் நல்ல கொத்துகளை மட்டும் கையால் பறித்து, காற்றோட்டமான பரண்களில் ஒரே அடுக்காகப் பரப்பிவைக்கிறார்கள். மாதக்கணக்கில் அவை அங்கேயே கிடக்கும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும்; அழுகிய பழத்தைத் தேடி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்து, சுவை சுண்டிய பிறகு, குளிர்காலத்தில் நசுக்கிப் புளிக்கவைப்பார்கள். புளித்தலை நடுவில் நிறுத்தினால் மிச்ச இனிப்போடு ரெச்சோட்டோ; அதுதான் மூத்தது. இனிப்பு ஏறக்குறைய முழுவதும் சாராயமாகும் வரை விட்டால் அமரோனே. ‘அமாரோ’ என்றால் கசப்பு. பெயரே அதிலிருந்து வந்தது. 15, 16 சதவீதம் சாராயம் இருக்கும், கொஞ்சமாக ஊற்றினால் போதும். அமரோனே பிழிந்த பின் மிஞ்சும் சக்கையின் மேல் சாதாரண வால்பொலிச்செல்லாவை ஊற்றி மறுபடி புளிக்கவைப்பது ரிப்பாசோ. சக்கையில் செய்ததுதானே என்று அதை மட்டமாக நினைக்க வேண்டாம். விலைக்கு நல்ல ஒயின்.

இத்தாலியின் நுரைக்கும் ஒயினான புரொசெக்கோவை ஷாம்பெயின் போலப் பெட்டியில் பூட்டிவைத்துப் பல வருடம் காப்பது வீண். ஷாம்பெயின் நுரை பாட்டிலுக்குள் உருவாகிறது. பெரும்பாலான புரொசெக்கோவுக்கு மூடிய பெரிய தொட்டியில் உருவாகிறது. 1895-இல் பெடெரிகோ மார்டினோட்டி காட்டிய வழி அது. புரொசெக்கோவின் அழகு புதிதாக இருப்பதில்தான், வாங்கியதும் குடித்துவிட வேண்டும். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் இனிப்பே இருக்காது என்று எண்ணுவதும் தவறு: ‘புரூட்’ என்று எழுதிய வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம் வரை. புரொசெக்கோ முன்பு திராட்சையின் பெயராகவும் இருந்தது. 2009-இல் திராட்சையை கிளேரா என்று மாற்றி, புரொசெக்கோவை இடப் பெயராக மட்டும் நிறுத்தினார்கள்.

இனிப்பு வேண்டும் என்றால் மொஸ்காட்டோ த ஆஸ்டி இருக்கிறது, சாராயம் சுமார் 5 சதவீதம்தான். அதை முகர்ந்தால் கம்பம் பன்னீர் திராட்சை ஞாபகம் வரலாம். காரணம் உண்டு: பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை, மொஸ்காட்டோவின் சொந்தம்.

கடைசியாக, சூடு. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வீட்டு அறையைச் சொன்னது, சுமார் 16 முதல் 18 டிகிரி. சென்னையின் 32 டிகிரியில் சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் திறங்கள். எமிலியாவில் மோடெனா பக்கம் போனால், லம்புரூஸ்கோ என்ற சிவப்பு ஒயின் நுரை பொங்க, நன்றாகக் குளிர்ந்தே மேசைக்கு வரும். ஏற்றுமதிக்கென்று செய்த தித்திப்பு லம்புரூஸ்கோவைக் குடித்து வெறுத்துப் போனவர்கள், லேபிளில் ‘செக்கோ’ என்றும் ‘சோர்பாரா’ என்றும் இருப்பதைத் தேடி ஒரு முறை வாங்கிப் பாருங்கள். செக்கோ என்றால் இனிப்பில்லாதது. சோர்பாரா, வழக்கம்போல, ஓர் ஊர்.