ராஸ்பெரி பை 4-க்கு லேப்டாப்பில் கெர்னல் கம்பைல்: எந்தக் கம்பைலர் ஓடுகிறது என்று பாருங்கள்

"கெர்னல்: ஆர்ச்/எக்ஸ்86/பூட்/பிஇசட்இமேஜ் இஸ் ரெடி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு என் திரையில் வந்த கடைசி வரி இது. நாற்பது நிமிடம் ஓடி, ஒரு எர்ரர்கூட இல்லாமல் முடிந்திருந்தது. ஒரே ஒரு சிக்கல். நான் லினக்ஸ் கெர்னலை (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) கம்பைல் செய்ய, அதாவது சோர்ஸிலிருந்து ஓடக்கூடிய கோப்பாக மாற்ற, உட்கார்ந்தது ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிக்கு. அதில் இருப்பது 64 பிட் ஆர்ம் சிப். தயாராகி நிற்பதோ என் லேப்டாப்பின் எக்ஸ்86 சிப்புக்கான கெர்னல்!

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் வழக்கமான படிகள். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: தேவையானவை

உபுண்டுவோ டெபியனோ இருந்தால் பில்ட்-எசென்ஷியல், ஃபிளெக்ஸ், பைசன், பிசி, லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்64 ஆகியவற்றை ஏப்ட் மூலம் நிறுவுங்கள். ராஸ்பெரி பை நிறுவனத்தின் கெர்னல் சோர்ஸை கிட் (சோர்ஸை வரலாற்றோடு வைத்திருக்கும் கருவி) மூலம் இழுத்துக்கொள்ளுங்கள். டெப்த் 1 போதும், முழு வரலாறும் நமக்கு எதற்கு?

படி 2: இரண்டு மாறிகள்

பில்டை நடத்தும் மேக் கட்டளையிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். ஒன்று ஆர்ச், அதாவது எந்த வகைச் சிப்புக்கு என்பது. இன்னொன்று கிராஸ்_கம்பைல், அதாவது எந்தக் கம்பைலரை வைத்து என்பது.

ஆர்ச்சுக்கு மதிப்பு ஆர்ம்64. கிராஸ்_கம்பைலுக்கு மதிப்பு ஏஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ-. ஒரே சிப்புக்கு ஏன் இரண்டு பெயர்? ஆர்ம் நிறுவனமும் கம்பைலர்காரர்களும் வைத்த பெயர் ஏஏஆர்ச்64. 2012-இல் கெர்னலுக்கு அனுப்பிய முதல் பேட்ச்களிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. விவாதத்துக்குப் பிறகு ஆர்ம்64 என்று மாற்றி 3.7 பதிப்பில் சேர்த்தார்கள். அன்று தொடங்கிய குழப்பத்தை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம்.

அந்தக் கடைசி ஹைஃபனைக் கவனியுங்கள். அது எழுத்துப்பிழை இல்லை. மேக் அந்த மதிப்போடு ஜிசிசி (கம்பைலர்), எல்டி, ஸ்ட்ரிப் என்ற கருவிகளின் பெயர்களை அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஹைஃபனை விட்டால் "க்னூஜிசிசி" என்று முடியும் ஒரு விநோதப் பெயரைத் தேடிவிட்டுக் கம்பைலரே இல்லை என்று சொல்லும்.

படி 3: எர்ரர் வந்தால் இடது ஓரத்தைப் பாருங்கள்

கெர்னல் பில்டில் இரண்டு கம்பைலர்கள் மாறி மாறி ஓடும். வரியின் இடது ஓரத்தில் "சிசி" என்று இருந்தால் பைக்கான கம்பைலர். "ஹோஸ்ட்சிசி" என்று இருந்தால் உங்கள் லேப்டாப்பின் கம்பைலர். பில்டுக்கு உதவும் சின்னச் சின்னக் கருவிகளை அது செய்து தரும். எர்ரர் வந்ததும் செய்தியைப் படிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர் இல்லை என்று வருகிறதா? பைக்குத்தானே கம்பைல் செய்கிறோம் என்று ஆர்ம்64-க்கான லிப்எஸ்எஸ்எல்லைத் தேடி அலையாதீர்கள். அது ஹோஸ்ட்சிசி வரி. லேப்டாப்பின் சாதாரண லிப்எஸ்எஸ்எல்-டெவ் போதும்.

"-எம்லிட்டில்-எண்டியன்" என்ற ஆப்ஷன் தெரியவில்லை என்றால், ஆர்ச் கொடுத்துவிட்டுக் கிராஸ்_கம்பைலை மறந்துவிட்டீர்கள். ஆர்முக்கான ஆப்ஷன் லேப்டாப் ஜிசிசியிடம் போய் நிற்கிறது. தலைகீழாக, ஏஏஆர்ச்64 ஜிசிசி "-எம்64" தெரியாது என்று சொன்னால் மறந்தது ஆர்ச்சை.

படி 4: நான் விழுந்த குழி

இரண்டு மாறிகளையும் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு (அந்த டெர்மினலுக்கு மட்டும் நினைவில் வைத்துவிட்டு), பிசிஎம்2711_டெஃப்கான்ஃபிக் (பை 4-க்கான அடிப்படை ஆப்ஷன்கள்) ஓட்டி, மெனுகான்ஃபிக்கில் (ஆப்ஷன்களை மாற்றும் மெனு) நாலைந்து மாற்றம் செய்தேன். எல்லாம் சரி. சாப்பிட்டுவிட்டு வந்து புதிய டெர்மினல் திறந்து, வெறும் மேக் மட்டும் அடித்தேன்.

கேள்வி கேட்க ஆரம்பித்தது. 64 பிட் கெர்னலா, ஆம் / இல்லை? அடுத்தது, அதற்கடுத்தது என்று நூற்றுக்கணக்கில் வந்தன. புதுப் பதிப்பு, புது ஆப்ஷன்கள் போல என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, எண்டர் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அங்கேதான் தப்பு. எக்ஸ்போர்ட் செய்தது பழைய டெர்மினலில். புதியதில் ஆர்ச் காலி. காலியாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மெஷினையே மேக் எடுத்துக்கொள்ளும். ஆப்ஷன்களைச் சேமித்து வைக்கும் டாட்-கான்ஃபிக் கோப்பில் இருந்த ஆர்ம் ஆப்ஷன்கள் எக்ஸ்86-இல் கிடையாதே, அவற்றைத் துடைத்துவிட்டு எக்ஸ்86-க்கானவற்றைக் கேட்டது. நான் எண்டர் எண்டராக ஆமாம் சாமி போட்டிருக்கிறேன். மெனுகான்ஃபிக் மாற்றங்களும் போயின.

ஆகவே, தெரியாத கேள்விகள் வரிசையாக வந்தால் உடனே கன்ட்ரோல்-சி. பிறகு டாட்-கான்ஃபிக் கோப்பின் தலைப்பகுதியைப் பாருங்கள். அங்கே "லினக்ஸ்/ஆர்ம்64" என்று இருக்க வேண்டும். சில வரிகள் கீழே கான்ஃபிக்_சிசி_வெர்ஷன்_டெக்ஸ்ட் என்ற வரியில் எந்தக் கம்பைலர் என்பது முழுப் பெயரோடு இருக்கும். வெறும் ஜிசிசி என்று தொடங்கினால் கதை கந்தல்.

எக்ஸ்போர்ட் பழக்கத்தையே நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் கேமேக் என்று இரண்டு வரி ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். முதல் வரி வழக்கமான ஷெல் வரி. இரண்டாவதில் எக்ஸெக் மேக், இரண்டு மாறிகள், கடைசியில் இரட்டை மேற்கோளுக்குள் டாலர்-அட் (கேமேக்குக்குப் பின் நாம் அடிப்பதெல்லாம் அங்கே வந்துவிடும்). இனி எந்த டெர்மினலிலும் கேமேக் மெனுகான்ஃபிக், கேமேக் -ஜே8 இமேஜ் மாட்யூல்ஸ் டிடிபிஎஸ். ஒவ்வொரு டெர்மினலும் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிடலாமே என்பார்கள். வேண்டாம். ஒருநாள் லேப்டாப்புக்கே ஏதாவது டிரைவர் மாட்யூல் கட்டும்போது அது வந்து காலை வாரும்.

படி 5: நகலெடுக்கும் முன்

ஃபைல் கட்டளையை விஎம்லினக்ஸ் (பில்டில் உருவான கெர்னல் கோப்பு) மீது ஓட்டுங்கள். ஆர்ம் ஏஏஆர்ச்64 என்று சொன்னால்தான் எஸ்டி கார்டைத் தொட வேண்டும்.

மாட்யூல்களை (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துணைப் பகுதிகள்) நிறுவ சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) தேவைப்படும். சூடோ, எக்ஸ்போர்ட் செய்த மாறிகளை வாசலிலேயே கழற்றிவிடும். மாட்யூல்கள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இன்ஸ்டால்_மாட்_பாத்தை எக்ஸ்போர்ட் செய்திருந்தால் அதுவும் போய்விடும். பிறகு பையின் மாட்யூல்கள் உங்கள் லேப்டாப்பின் லிப்/மாட்யூல்ஸில் போய்க் குடியேறும். அதையும் செய்து பார்த்தாயிற்று. சூடோவுக்குப் பின் கேமேக் ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும், இன்ஸ்டால்_மாட்_பாத்தையும் ஒரே வரியில் கொடுங்கள்.

பழைய கெர்னல்8.ஐஎம்ஜி கோப்பை அழிக்க வேண்டாம். புதியதை வேறு பெயரில் வைத்து, கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் "கெர்னல்=" என்று அந்தப் பெயரைக் கொடுங்கள். பூட் ஆகாவிட்டால் அந்த ஒரு வரியை எடுத்தால் போதும்.

சேர்த்தது 1: விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வைத்திருக்கும் ஒருவர், எக்ஸ்டி_டிசிபிஎம்எஸ்எஸ்.ஓ-வை உருவாக்க விதி இல்லை என்று நிற்பதாக எழுதியிருந்தார். கம்பைலர் மேல் தப்பில்லை. கெர்னல் சோர்ஸில் ஒரே பெயர் சின்ன எழுத்தில் ஒன்றும் பெரிய எழுத்தில் ஒன்றுமாகச் சில கோப்புகள் உண்டு. சி டிரைவில் வைத்தால் இரண்டில் ஒன்று காணாமல் போகும். சோர்ஸை லினக்ஸ் பக்க ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். மேக்புக்கிலும் இதே தொல்லை. ஃபோல்டர் பெயரில் ஸ்பேஸும் கூடாது.

சேர்த்தது 2: ஜிசிசிக்கு மாற்றான கிளாங் கம்பைலர் பற்றிச் சிலர் கேட்டார்கள். கெர்னல் 5.15-லிருந்து எல்எல்விஎம்=1 (கிளாங்கைப் பயன்படுத்து என்பது), ஆர்ச்=ஆர்ம்64 இரண்டும் கொடுத்தால் கிராஸ்_கம்பைலே வேண்டாம், ஹைஃபன் தலைவலியும் இல்லை. ஆனாலும் முதல் முறை ஜிசிசியிலேயே செய்யுங்கள் என்பேன். மாட்டிக்கொண்டால் தேடிப் பார்க்க ஜிசிசிக்குத்தான் விடைகள் அதிகம்.

சேர்த்தது 3: உபுண்டு 18.04-இல் இன்னும் இருப்பவருக்குக் கம்பைலர் ரொம்பப் பழையது என்று வந்திருக்கிறது. அதில் இருப்பது ஜிசிசி 7. கெர்னல் 6.16-லிருந்து குறைந்தது 8.1 வேண்டும். ஓஎஸ்ஸை மாற்ற முடியாதென்றால் கெர்னல்.ஆர்க் தளத்தின் கிராஸ்டூல் பக்கத்தில் ரெடிமேட் கம்பைலர்கள் உண்டு. விரித்து வைத்து முழுப் பாதையைக் கிராஸ்_கம்பைலில் கொடுங்கள். அங்கே பெயரில் க்னூ இருக்காது, ஏஏஆர்ச்64-லினக்ஸ்- மட்டும்தான். ஹைஃபன் அங்கேயும் உண்டு.