'சர் கவைனும் பச்சை வீரனும்': முதன்முறை படிப்பவர்களுக்குப் பென்சிலோடு ஐந்து படிகள்

ஆர்தர் மன்னன் கதைகளில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் இந்தக் காவியத்தைத்தான் கையில் கொடுப்பேன். 2,530 வரிகள், நாலு பகுதிகள். இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் வடமேற்குப் பக்கத்து வழக்கில் எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியாது. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731இல் அது இருந்த நூலகம் தீப்பிடித்தபோது தப்பி, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

கதை இப்படித் தொடங்கும். ஆர்தரின் புத்தாண்டு விருந்துக்குள் ஆள், குதிரை எல்லாமே பச்சையாக ஒருவன் நுழைகிறான். ஒரு கையில் கோடரி. “என்னை ஒரு வெட்டு வெட்டலாம்; ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்” என்பது அவன் போடும் பந்தயம். ஆர்தரின் அவை வீரன் கவைன் வெட்டுகிறான். வந்தவன் உருண்ட தலையைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

முதல் தடவை நான் அந்தக் கோடரியை மட்டுமே பார்த்துக்கொண்டு படித்தேன். சோதனை வேறு இடத்தில் நடந்து முடிந்திருந்தது. அதைத் தவறவிடாமல் இருக்கத்தான் இந்தப் படிகள்.

படி 1: மூலமும் இருக்கும் பதிப்பு

ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் இன்றைய ஆங்கிலம் என்று அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் நல்லது. மூலத்தில் பத்து வரியைப் புரியாவிட்டாலும் வாய்விட்டுப் படியுங்கள். வரிக்கு வரி மோனை வந்து மோதும். எதுகை மோனைக்குப் பழகிய காதுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

படி 2: நட்சத்திரம் வரையுங்கள்

பந்தயப்படி வெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள, புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு மறுநாள் காலையில் கவைன் கிளம்புகிறான். அதாவது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அவன் கேடயத்தில் சிவப்பு மேல் தங்கத்தில் ஓர் ஐந்து முனை நட்சத்திரம். பென்சிலை எடுக்காமல் அதை ஒரே இழுப்பில் வரைந்து பாருங்கள். ‘முடிவில்லா முடிச்சு’ என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதாகக் கவிஞர் எழுதுவது ஏன் என்று கைக்கே தெரியும்.

ஐந்து முனைகளிலும் எழுதிக்கொள்ளுங்கள்: பழுதில்லாத ஐம்புலன்கள், தவறாத ஐந்து விரல்கள், கிறிஸ்துவின் ஐந்து திருக்காயங்கள், மாதாவின் ஐந்து மகிழ்ச்சிகள், கடைசியாக ஐந்து நற்குணங்கள் (தாராளம், தோழமை, தூய்மை, பண்பு, இரக்கம்). கேடயத்தின் உட்புறம், அவன் கண்ணில் படும்படி, மாதாவின் படம். போர்க்குணமும் பக்தியும் ஒரே கோட்டில் ஓடுகின்றன. ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் போச்சு.

படி 3: மூன்று நாள் கணக்கு

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குளிரில் அலைந்தபடி, திருப்பலி (கோயில் பூசை) காண ஓர் இடம் வேண்டும் என்று ஜெபிக்கிறான். கோட்டை ஒன்று தென்படுகிறது. அதன் தலைவன் ஒரு விளையாட்டுச் சொல்கிறான்: நான் வேட்டையில் பிடித்ததை உனக்குத் தருவேன், நீ வீட்டில் பெற்றதை எனக்குத் தர வேண்டும்.

மூன்று வரிசையில் குறியுங்கள். முதல் நாள் மான், ஒரு முத்தம். இரண்டாம் நாள் காட்டுப்பன்றி, இரண்டு முத்தம். மூன்றாம் நாள் நரி, மூன்று முத்தம். தினமும் காலையில் கவைனின் படுக்கைக்கு வந்து பேச்சுக் கொடுக்கும் சீமாட்டி, தலைவனின் மனைவிதான். அவள் மனம் கோணாமல், ஆனால் பாவத்திலும் விழாமல் பேசித் தப்பிக்க வேண்டும். வாளைவிட நாக்குக்குத்தான் அங்கே வேலை.

படி 4: மூன்றாம் நாளுக்கு மட்டும் மணி பாருங்கள்

இங்கே மெதுவாகப் படியுங்கள். சீமாட்டி தங்க மோதிரம் நீட்டுகிறாள், வேண்டாம் என்கிறான். அப்புறம் தன் இடுப்பிலிருந்த பச்சைப் பட்டுக் கச்சையை அவிழ்க்கிறாள். இதைக் கட்டியவனை யாரும் கொல்ல முடியாது, என் கணவரிடம் மட்டும் சொல்லாதே என்கிறாள். வாங்கிக்கொள்கிறான்.

அவள் போனதும் கச்சையை ஒளித்து வைக்கிறான். அடுத்து கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறான், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். நாளையே தீர்ப்பு நாள் வந்தாலும் பரவாயில்லை என்னும் அளவுக்குக் குரு அவனைச் சுத்தமாக்கினார் என்கிறது கவிதை. மாலையில் மூன்று முத்தத்தையும் அவசரமாகத் தலைவனுக்குக் கொடுத்துவிடுகிறான். கச்சை வெளியே வரவில்லை.

சரி, அந்தப் பாவமன்னிப்பு செல்லுமா? கச்சையைப் பற்றிக் குருவிடம் சொன்னானா என்று கவிஞர் வாய் திறக்கவில்லை. மனஸ்தாபமும் (செய்ததற்கு மனம் வருந்துவது) பரிகாரமும் இல்லாத பாவ அறிக்கை அரைகுறை என்பது அந்தக் காலத்து வாசகருக்கு நன்றாகத் தெரியும். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

படி 5: வெட்டுகளை எண்ணுங்கள்

புத்தாண்டு அன்று, தங்க நட்சத்திரத்துக்குரிய சிவப்பு அங்கியின் மேல் பச்சைக் கச்சையைச் சுற்றிக்கொண்டு போகிறான். கோடரி மூன்று முறை இறங்குகிறது. இரண்டு முறை ஓங்கி நிறுத்துகிறான் பச்சை வீரன். நேர்மையாக நடந்த இரண்டு நாளுக்கு. மூன்றாவது, கழுத்தில் ஒரு கீறல், கச்சைக்கு. கோட்டைத் தலைவனும் அவனே, பெயர் பெர்ட்டிலாக். மோர்கன் என்னும் மந்திரக்காரி, ஆர்தரின் வீரர் குழுவான வட்டமேசையைச் சோதிக்க அனுப்பியதுதான் எல்லாம்.

இப்போது படி 4இல் போட்ட கேள்விக்குறிக்குத் திரும்புங்கள். கவைன் கச்சையை அவிழ்த்து எறிந்து, உயிருக்குப் பயந்தேன், ஆசைப்பட்டேன் என்கிறான். உடனே பெர்ட்டிலாக் சிரித்தபடி, உன் குறையை ஒப்புக்கொண்டாய், என் கோடரி முனையில் பரிகாரமும் செய்தாய், பிறந்த நாள் முதல் தவறே செய்யாதவன்போல் சுத்தமானாய் என்கிறான். குருவின் மன்னிப்பைப் பற்றிக் கவிதை சொன்ன பேச்சு, கோடரிக்காரன் வாயில் மறுபடி வருகிறது! இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் உண்மையான பாவமன்னிப்பாகப் படுகிறது.

கவைனுக்கு அது போதவில்லை. சாகும்வரை இது என் அவமானச் சின்னம் என்று கச்சையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். ஆர்தரின் அவை கேட்டுவிட்டுச் சிரிக்கிறது. அப்புறம் ஆளுக்கொரு பச்சைப் பட்டையைத் தோளில் குறுக்கே போட்டுக்கொள்கிறது. கவைன் என்ன சொன்னான் என்று கடைசி வரிகளில் தேடாதீர்கள், அவன் பேச்சு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.